கரப்பான் பூச்சியும் குடும்ப மானமும்

"மூடி வைம்மா அந்த டப்பாவை! நம்ம வீட்டு மருமக கரப்பான் பூச்சியைக் கடை பரப்பிக்கிட்டு சந்தை வாசல்ல நிக்கிறா. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மாமனாரின் குரல் சந்தையின் கடைசிக் கடைவரை கேட்டது. மடிப்புக் கலையாத சட்டை; யாருக்கும் வளையாத முதுகு.

பூச்சி ஆராய்ச்சியாளரான மருமகள் கண்ணாடி டப்பாவை அணைத்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க மாமா. ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்ற விஞ்ஞானிக்கு விருது தர்றாங்க. நடுவர் இன்னிக்குத்தான் பார்க்க வர்றாங்க."

"ஆராய்ச்சிக்கு விருதுன்னா கௌரவம். தெருவில கத்தறதுக்கு விருதா? அதுவும் தலையை நசுக்கினாலும் சாகாத இந்தச் சனியனைக் காட்டி!"

"அது மூக்கால மூச்சு விடறதில்ல மாமா. உடம்புப் பக்கவாட்டுல இருக்கற துளை வழியா விடுது. அதான் தலை போனாலும் சில நாள் உயிரோட இருக்கு."

காய் வாங்க வந்தவர்கள் பையும் கையுமாக நின்றுவிட்டார்கள். மாமனார் மருமகள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள்?

"பெரிய கண்டுபிடிப்பு! மருந்தடிச்சும் சாகலையே, அதுக்கு என்ன சொல்றே?"

"மருந்துக்குத் தப்பினதுதானே மாமா முட்டை போடுது? அதோட குஞ்சுங்ககிட்டயும் அந்த மருந்து பலிக்காது."

"ஐயா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க!" காய்க்காரம்மா தராசை வைத்துவிட்டுப் பாய்ந்தாள். "பொண்ணு எவ்வளவு அழகா சொல்லுது! நீ சொல்லும்மா, எங்க அடுப்படியில மேயுதே, அதை என்ன பண்ணலாம்?"

"ராத்திரி பாத்திரம் கழுவற தொட்டியைத் துடைச்சுக் காய விடுங்கக்கா. தீனி இல்லாம வாரக்கணக்கில இருக்கும். தண்ணி இல்லாம அவ்வளவு தாங்காது."

கேள்விகள் நாலா பக்கமிருந்தும் வந்து விழுந்தன. உள்ளே நுழைய இடமில்லாமல் நடுவர் அம்மாள் ஒரு காய்கறிப் பெட்டியின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்.

"போச்சு, மானம் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாமனார் விருட்டென்று வெளியேறினார்.

"இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு ஜென்மம்!" என்றது கூட்டம்.

கூட்டம் கலைந்தபின் மருமகள் டப்பாவோடு பின் தெருவுக்கு வந்தாள். மாமனார் அங்கே தொண்டையைச் செருமியபடி காத்திருந்தார்.

"கூட்டம் போதுமாம்மா?"

"அமோகம் மாமா! ஆனா எல்லாரும் உங்களைத்தான் திட்டறாங்க. எனக்கே கஷ்டமா இருந்தது."

"திட்டினா திட்டட்டும். போன வருஷம் ஆள் சேராம ரெண்டாம் பரிசோட வந்து நின்னியே, நம்ம குடும்பத்துக்கு அதைவிடவா மானக்கேடு?"