வெள்ளக்கோடு

குடியிருப்போர் சங்கத்தார் ஒருநாள் சுற்றுலாவாக அந்தப் பழைய ஆற்றங்கரை ஊருக்குச் சென்றிருந்தனர். கோயிலையும் அரண்மனையையும் பார்த்து முடித்தபின், வழிகாட்டி அவர்களைப் படித்துறை மண்டபத்தில் நிறுத்தி, தூணில் வெட்டியிருந்த ஒரு கோட்டைக் காட்டினான். "இருபது வருசத்துக்கு முந்தி வந்த வெள்ளம் இதுவரைக்கும் ஏறுச்சு. உங்கள்ல யாரு நெட்டையோ வாங்க, முங்குறாரா பார்ப்போம்!" எல்லாரும் சிரித்தபடி தெய்வசிகாமணியை முன்னே தள்ளினர். கோடு அவருடைய உச்சந்தலைக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது. "ஐயையோ, சார் அவுட்டு!" என்று ஒருவர் கைதட்டினார்.

அந்த வெள்ளத்தன்று அவர் இதே தூணில் முதுகை ஒட்டி நின்றவர் என்பது அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. வரமாட்டேன் என்றால் காரணம் சொல்ல நேருமே என்றுதான் உடன் வந்திருந்தார். அன்று நீர் கழுத்துக்கு ஏறியதும், மூன்று வயது மகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். மீட்புப் படகு வருவதற்குச் சற்றுமுன் அவருடைய கைகள் ஓய்ந்துபோயின.

"அங்கிள், பாப்பாவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கீழ்வீட்டு மேகலா தன் குழந்தையை நீட்டினாள். அவர் வாங்கி, கோட்டுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். படம் எடுத்தாயிற்று. வெளியே ஆறு கணுக்கால் நனையவும் நீரின்றி மணலாய்க் கிடந்தது. பேருந்து இருமுறை ஒலியெழுப்பியது. அவருடைய முழங்கைகள் நடுங்கத் தொடங்கின.

"போதும் அங்கிள், இறக்கிடுங்க. கை வலிக்கப் போகுது."

"இன்னும் வடியலைம்மா" என்றார் அவர்.