அசையாத வளைவு

எண்பத்தெட்டில் போடி ஏலக்காய்க் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து முத்துப்பேச்சியின் வலது காலுக்கு ஓய்வில்லை. மூட்டையைப் பிடிக்க ஒரு கை, அதில் எண் எழுத ஒரு கை என்று இரண்டும் போய்விடும். அதனால் முதலாளி தையல் மிஷினில் இருப்பது மாதிரி ஒரு மிதியை மேஜைக்கடியில் பொருத்தியிருந்தார். மிதித்தால் திரையில் அடுத்த மூட்டையின் எண் வரும். மிதிக்காவிட்டால் பழைய எண்ணே நிற்கும்.

"மிதி ஆத்தா. நீ மிதிச்சாத்தான சோலி நகரும்" என்பார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்ப, போடிமெட்டுக்கு மலையேறும் ஜீப்பில், டிரைவர் சீனிச்சாமிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுமே கண் சொருகியது. கால் மட்டும் பழக்கத்தில் ஜீப்பின் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கவும் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது வெளியே ஒரு வளைவும் சுண்ணாம்பு அடித்த கல்லும் தெரிந்தன. ஜீப்பு உறுமிக் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. கல் மட்டும் அவளைத் தாண்டிப் போகவில்லை.

கூட வந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எக்கா, வெரசா மிதிங்க" என்றான் சீனிச்சாமி, திரும்பாமல். "பிள்ளைக காத்துக் கெடக்கும்ல."

"காலு கடுக்குதுப்பா. வண்டிய நீதான ஓட்டுற?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கிறீக?"

அவள் எட்டி முன்னால் பார்த்தாள். சீனிச்சாமி இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.