காதோடு வைத்துப் பார்த்த கேமரா

கேமராக் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள் இருக்கின்றன, இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் சாம்பல். விலையும் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜன்னல் வெயில் இரண்டு லென்ஸிலும் விழுகிறது. லாரி ஓட்டுநர் கறுப்பை எடுத்துக் காதோடு வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். ‘க்ளிக்’ என்கிறது. "காதால பாக்குற சாமானா இதுண்ணே?" என்று சிரிக்கிறார் கடைக்காரர். "திரை திரும்பும், உங்க மூஞ்சிய நீங்களே எடுத்துக்கலாம்." "என் மூஞ்சிய யாரு கேட்டா? குழந்தை ஏழாம் மாசத்துலயே பொறந்துடுச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. போன் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, சத்தம் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. பெத்தவ கீழ் மாடியில எந்திரிக்க முடியாம கிடக்கா, இன்னும் பாக்கல. தங்குமான்னு டாக்டருக்கே தெரியல." கடைக்காரர் மின்விசிறியை நிறுத்துகிறார். சாம்பல் கேமராவில் ஏதோ மாற்றி நீட்டுகிறார். ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறார். தெருவில் ஒரு சைக்கிள் மணி மட்டும் கேட்கிறது. கண்ணைத் திறந்தால், திரையில் அலமாரி சாய்ந்து நிற்கிறது. "இதுவே போதும். நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க." இன்னும் அரைமணிதான் இருக்கிறது. கடைக்காரர் புதிய பெட்டியைப் பிரித்து, காட்சிக்கு வைத்திருந்ததிலிருந்து சார்ஜ் ஏறிய பேட்டரியை உருவி அதில் போடுகிறார். "குழந்தைக்குப் பேரு என்னண்ணே?" "இனிமேத்தான். அவ பாத்துட்டுச் சொல்லணும்."