கொக்கு மாதிரி ஒரு நிமிஷம்

"கொக்கு எப்படிப்பா நிக்கும்? செஞ்சு காட்டுங்க!"

குளக்கரையில் நோட்டும் பென்சிலுமாக நின்ற பத்து வயது மகளை அப்பா பரிதாபமாகப் பார்த்தார்.

"அதான் எதிர்லயே ஒண்ணு நிக்குதே. பாத்து வரைஞ்சுக்கோயேன்டா."

"'பெற்றோர் செய்து காட்ட வேண்டும்'னு தாள்ல போட்டிருக்கு. நாளைக்குக் கல்வி அதிகாரி வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலில் ஆபரேஷன். அன்று முதல் ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்தார்.

மகளுக்கு வீட்டிலேயேதான் படிப்பு. கணக்கும் மொழியும் அம்மா பொறுப்பு. வெளியே போய் இயற்கையைப் படிக்கும் பாடத்தை மட்டும் போன மாதம் அப்பா தலையில் கட்டிவிட்டாள்.

"எட்டுப் பாடமும் முடிக்கலேன்னா வீட்டுப் படிப்புக்கு அனுமதி கிடையாதாம். இவ பள்ளிக்கூடம்தான் போகணும்" என்று அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டினாள்.

அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பகல் முழுக்க அவரோடு சளைக்காமல் வாயாடும் ஒரே ஆள் மகள்தான். அவளும் போய்விட்டால் அந்த நாற்காலியில் எப்படிப் பொழுது போகும்?

அதனால்தான் எறும்பு வரிசையைத் தேடிக் குளத்தைச் சுற்றினார். வேரைப் பார்க்க மெல்லக் குனிந்து குந்தினார். எட்டாத இலையைப் பறிக்க நுனிக்காலில் எழும்பினார். "எவனோ வேலையத்தவன் எழுதின பாடம்" என்று திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தார்.

இப்போது கொக்கு. கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தூக்கினார். உடம்பு ஆடியது. மகள் எண்ணினாள்.

"...அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது, அறுபது! முடிஞ்சுதுப்பா!"

மறுநாள் காலை அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"எறும்பு வரிசையைத் தேடி எவ்வளவு தூரம் போனீங்க?"

"குளத்தை மூணு சுத்து சார்!" மகளை முந்திக்கொண்டு சொன்னார் அப்பா.

"சரி, கொக்கு?"

அப்பா விருட்டென்று எழுந்து ஒற்றைக்காலில் நின்றார். எதையும் பிடிக்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி நோட்டை மூடினார். "பிரமாதம். வீட்டுப் படிப்பு தொடரலாம்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இருங்க சார், என் கையால டீ சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கைத்தடியை மறந்துவிட்டு சமையலறைக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா கைகூப்பினாள்.

"உங்ககிட்ட வரவே மாட்டேன், ஒரு பயிற்சியும் செய்ய மாட்டேன்னு அடம்பிடிச்ச மனுஷன், டாக்டர். எட்டையும் செய்ய வச்சுட்டீங்க!"

"அடுத்தது படி ஏறுற பயிற்சி. அதை எந்தப் பாடத்துல சேக்கறது?" என்று தாடையைச் சொறிந்தார் பிசியோதெரபி டாக்டர்.

"மொட்டை மாடியில புறா முட்டை வச்சிருக்கு" என்றாள் மகள்.