எட்டு மாடிக்கு ஒரு புத்தகம்

என் பல்செட்டின் மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

கப்பல் தலைவன் அடித்தளத்து இரும்புக் கதவில் கையை வைத்தான். உள்ளே ஏதோ மூச்சு விட்டது.

அந்த இடத்தில் ஸ்தாமென் புத்தகத்தைப் பட்டென்று மூடினான். மூடிவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தான்.

நெவெனாவுக்குப் பதினான்கு வயது. ஒரு கையில் போன், மறு கையில் சூரியகாந்தி விதை. ஒன்றைக் கடித்தாள். தோலைத் தட்டில் துப்பினாள். அடுத்ததை எடுத்தாள்.

டங்.

அது மகள் இல்லை, வெந்நீர்க் குழாய். மேல்மாடி பென்கா கரண்டியால் தட்டுகிறாள். தொடர்ந்து சுவரிலிருந்த காற்றுத் துவாரம் வழியே அவள் குரலும் இறங்கியது.

"டேய் ஸ்தாமென், கதவுக்குப் பின்னாடி யாருடா? சொல்லிட்டுப் போய்த் தொலையேன், பாவி!"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் உங்களுக்கா படிக்கிறேன்?"

பெர்னிக் நகரத்தில் அந்தக் கட்டடத்தின் எட்டு மாடிச் சமையலறைகளுக்கும் காற்றுப் போகிற வழி ஒன்றுதான். கீழே மீன் பொரித்தால் மேலே பூனை கத்தும்.

சத்தமாகப் படிக்கச் சொன்னது நூலகத்து அம்மாள். "வளர்ந்த பிள்ளைங்ககிட்ட படி படின்னு நச்சரிக்காதேப்பா. நீ படி. உயிர் போற இடத்துல நிறுத்திடு. பிள்ளை தானாவே புத்தகத்தக் கையில எடுக்கும்."

பள்ளி விடுமுறைக்குக் கொடுத்த புத்தகம், நூற்றிருபது பக்கம். ஏழு வாரமாகப் படிக்கிறான். ஏழு வாரமும் உயிர் போகிற இடத்தில்தான் நிறுத்துகிறான்.

போனதெல்லாம் அடுத்தவர் உயிர்.

குழாயில் வெந்நீர் விட்டு வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் அறைக்காரன் மாலை ஏழு மணியானால் சூட்டைக் குறைத்துவிடுகிறான். குழாய் களகளத்தால் கதை கேட்காதாம். உறைபனியில் எட்டு மாடியும் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருக்கிறது. ஒருவரும் புகார் கொடுக்கவில்லை.

ஆறாம் மாடி தொன்ச்சோ கிழவர் சாகக் கிடந்தவர். கப்பல் கரை சேரட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அவரைப் பார்க்க வந்த டாக்டர் இப்போது தினமும் வருகிறார், சொந்த நாற்காலியோடு.

ஸ்தாமென் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். எவ்வளவு துருப்பிடித்த நட்டும் அவனிடம் நாலு அடியில் அசைந்துவிடும். பெற்ற பெண் அசைய மாட்டேன் என்கிறாள்.

கழிப்பறையில் புத்தகம் வைத்துப் பார்த்தான். ஆடுகிற வாஷிங்மெஷினுக்கு அதை முட்டுக் கொடுத்தாள். வைஃபையை நிறுத்தினான். கதைக்கு நன்றியாக ஐந்தாம் மாடிக்காரன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டான்.

இத்தனைக்கும் அவன் கேட்பது ஒரே ஒரு சொல்.

ஆறு வயதில் இதே பெண் அவனைத் தூங்க விட்டதில்லை. கதை நடுவில் அவன் கண் சொருகினால், இமையை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்து, "அப்புறம்?" என்பாள்.

பன்னிரண்டு வயதோடு அந்தச் சொல் நின்றுபோயிற்று.

இன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் ஓங்கி அறைந்தான். ஊறுகாய் முட்டைக்கோஸ் ஜாடி ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது.

"ஊரே அப்புறம், அப்புறம்னு கேட்டுச் சாகுது. நீ ஒரு தடவை கேட்டா வாய் சுளுக்கிக்குமாடி?"

எட்டு மாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் ஜன்னல் திரைகள் உள்பக்கம் இழுபட்டன.

நெவெனா போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். பாத்திரம் துடைக்கிற துணியைச் சுருட்டிக் காற்றுத் துவாரத்தில் அடைத்தாள். நன்றாக அடைபட்டதா என்று ஒருமுறை அழுத்தியும் பார்த்தாள்.

திரும்பி வந்து அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மெதுவாப் பேசுப்பா, அவங்களுக்குக் கேட்டுடப் போவுது. அந்தப் புத்தகத்த நான் முதல் வாரமே படிச்சு முடிச்சிட்டேன்."

ஸ்தாமென் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரி, எனக்கு மட்டும் சொல்லு. கதவுக்குப் பின்னாடி யாருன்னு யோசிச்சு வச்சிட்டியா, இல்லையா?"

அந்தப் புத்தகம் மலையடிவாரத்தில் தேனீ வளர்க்கிற ஒருவரைப் பற்றியது. அதில் கப்பலே கிடையாது.