கப்பலேறியவர் பெயர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்தமான் ரங்கத்து மங்கையர்க்கரசி கப்பல் ஆபீஸ் மேல் கேஸ் போட்டபோது, துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் ஒருதரம் ஆடித்தான் போயின. காணாமல்போன புருஷன் மாணிக்கவேல் மெயின்லேண்டுக்குக் கப்பலேறினானா என்று பயணிகள் பதிவேட்டில் பார்க்க வேண்டும் என்றாள் அவள். காட்ட முடியாது என்றது ஆபீஸ். கோர்ட்டுப் படிகளை அவள் தேய்த்த தேய்ப்பில் ஜட்ஜே வழுக்கி விழுந்திருப்பார். அதற்குப் பயந்தோ என்னவோ, காட்டச் சொல்லித் தீர்ப்பளித்தார்.

கிளார்க் பாலசுப்பிரமணியம் பதிவேட்டைப் புரட்டினார்.

"எவளையோ இழுத்துக்கிட்டு ஓடினவன்னு ஊரே சொல்லுது. அவனைப் போய்த் தேடுறியேம்மா! பேரு இருந்தா மாலை போடுவியா?"

"நீங்க பாருங்க சார்."

கடைசிப் பக்கத்தை மூடியபோது கிளார்க்குக்கு முகமெல்லாம் பல்.

"முபாரக்! வாழ்த்துகள்! பேரே இல்லம்மா. உன் புருஷன் உத்தமன். இனி ஊர் வாயை அடைச்சிடலாம்!"

மங்கையர்க்கரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, நல்ல சேதிதானே?"

"பக்கத்துத் தீவு லாங் ஐலண்டுக்குப் போனவரோட படகு மட்டும் காலியாக் கரை ஒதுங்குச்சு சார். கப்பலை விட்டா இங்கேருந்து போக வேற வழி ஏது?" அவள் அண்ணாந்து மூடிய பதிவேட்டைப் பார்த்தாள். "அவர் ஓடித்தான் போயிருக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டுக் கேஸ் போட்டேன். எவளோடயாச்சும், எங்கயாச்சும், உசிரோட இருந்திருப்பாரே!"