ஒருநாளும் தோற்காத டெஸ்ட்

நோயாளிக்கு நரம்பு வழியே மருந்து ஏற்றும் கருவியின் மென்பொருள் அன்று மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு நர்ஸுகள் ஒரே நொடியில் மருந்தின் அளவை மாற்றினால், ஒருவரைக் காத்திருக்க வைக்கும் பகுதியை டீம் லீடர் எழுதியிருந்தார். அது சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்டும் அவருடையதுதான்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணும் ஒரு டெஸ்ட் எழுதியிருந்தாள். அது சில முறை பாஸ், சில முறை ஃபெயில்.

"நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுது. இதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? தூக்கிக் குப்பையில போடு!" என்று டீம் லீடர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கிழித்தார்.

"சார், சில சமயம் ரெண்டு அளவும் சேர்ந்தே ஏறிடுது. அதைத்தான் இது பிடிக்குது."

"என் டெஸ்ட்டப் பாரு. ஒரு நாளாவது தோத்திருக்கா?"

பெரிய திரையில் ஓட்டிக் காட்டினார். பாஸ் என்று பச்சை. மறுபடியும் ஓட்டினார். பச்சை. மருத்துவமனையிலிருந்து வந்திருந்த தலைமை நர்ஸ்கூடத் தலையாட்டினார்.

"பாத்துக் கத்துக்கோம்மா!"

"சார், உங்க டெஸ்ட் ரெண்டு பேரும் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே பாஸ்னு சொல்லி முடிஞ்சிடுது."

"உளறாதே!"

"உளறல சார். காத்திருக்க வைக்கிற உங்க பகுதியக் காலையிலேயே இந்தக் கம்ப்யூட்டர்ல முழுசா எடுத்துட்டேன். இப்ப ரெண்டு தடவையும் பச்சை காட்டினது, அது இல்லாமத்தான்."

தலைமை நர்ஸ் டீம் லீடர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ உன் டெஸ்ட்ட ஓட்டும்மா" என்றார்.